மீசை வெச்ச இளவரசியும் நம்ம சிரிப்பும்

இன்னைக்கு ஒரே ஒரு போட்டோவைப் பத்தித்தான் பேசப் போறேன். நீங்க அதைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. பழைய கறுப்பு வெள்ளைப் படம், பருமனா ஒரு பெண், தலையில முக்காடு. ரெண்டு புருவமும் நடுவுல சேர்ந்திருக்கும், மேல் உதட்டுல மீசை தெளிவாத் தெரியும். கீழ எழுதியிருப்பாங்க, இவங்கதான் பாரசீக இளவரசி கஜார், அந்தக் காலத்து உலக அழகி, இவங்க வேணாம்னு சொன்னதால 13 ஆம்பளைங்க தற்கொலை பண்ணிக்கிட்டாங்கன்னு. அப்புறம் வரிசையா கண்ணுல தண்ணி வர்ற சிரிப்பு எமோஜி.

எங்க கசின்ஸ் குரூப்புல இது வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வந்துடும். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு விநாடி சிரிப்பு வரும், உடனே கை தானா என் மேல் உதட்டைத் தொட்டுப் பார்க்கும். அந்தச் சிரிப்புக்கும் இந்தக் கைக்கும் என்ன சம்பந்தம்னு தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

முதல்ல பொய்யைத் தள்ளி வைப்போம். 'இளவரசி கஜார்'னு ஒருத்தர் கிடையவே கிடையாது. கஜார்ங்கிறது 1925 வரைக்கும் ஈரானை ஆண்ட வம்சத்தோட பேரு. ராஜராஜனோட அக்கா குந்தவையை 'இளவரசி சோழர்'னு கூப்பிடுற மாதிரி இது. இன்னொண்ணு, அந்தப் பேர்ல சுத்துறது ரெண்டு வேற வேற பெண்களோட படங்கள். ஒருத்தர் எஸ்மத் அல்-தவ்லே, இன்னொருத்தர் தாஜ் அல்-சல்தனே. ரெண்டு பேரும் 1848ல இருந்து 1896 வரை ஆண்ட நாசிருத்தீன் ஷாவோட மகள்கள், ஒரே அப்பா, வேற வேற அம்மா. தாஜ் பிறந்தப்ப எஸ்மத்துக்கு முப்பது வயசுக்குக் கிட்ட இருக்கும்.

அந்த 13 தற்கொலைக்கு எந்த ஆதாரமும் இல்ல. கொஞ்சம் யோசிச்சாலே தெரிஞ்சிடும். ரெண்டு பேருக்குமே சின்னப் பிள்ளைங்களா இருக்கும்போதே கல்யாணம் பேசி முடிச்சாச்சு. வளர்ந்தது அந்தப்புரத்துல. வெளி ஆம்பளை அவங்க முகத்தைப் பார்க்கவே வழியில்ல, இதுல எங்க போய் காதல் தோல்வி?

சரி, அப்போ இந்தப் படமெல்லாம் எப்படி வந்துச்சு? ஷாவுக்கு கேமரா பைத்தியம். சொந்த மனைவிகளை, பூனையை, தன்னையேன்னு எடுத்துத் தள்ளியிருக்காரு. அந்த ஆல்பங்கள் இன்னைக்கும் டெஹ்ரான் கோலஸ்தான் அரண்மனையில இருக்கு. எஸ்மத்தை அவங்க கணவரும் படம் எடுத்திருக்காரு. அதாவது இதெல்லாம் வீட்டு ஆல்பம். 'தப்பா இருக்காங்களே'ன்னு நினைச்சு எடுத்த படங்கள் இல்ல.

இப்போ அந்த மீசை. அது பொய் இல்ல, உண்மையாவே இருந்தது. இன்னும் சொல்லப்போனா, அது இருக்கணும்னு அவங்க ஆசைப்பட்டாங்க!

அஃப்சானே நஜ்மாபாதின்னு ஒரு வரலாற்றாசிரியர், ஈரான்ல பிறந்து ஹார்வர்டுல பாடம் நடத்தினவங்க. 2005ல ஒரு புத்தகம் எழுதினாங்க. அதோட தலைப்பே 'மீசை உள்ள பெண்களும் தாடி இல்லாத ஆண்களும்'ங்கிற அர்த்தத்துல இருக்கும். அவங்க சொல்றது இதுதான். 19ஆம் நூற்றாண்டோட ஆரம்பத்துல வரைஞ்ச ஈரான் ஓவியங்கள்ல காதலர்கள் ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா, எது ஆண் எது பெண்ணுன்னு முகத்தை வெச்சு கண்டுபிடிக்கறதே கஷ்டம். அதே சேர்ந்த புருவம், அதே பெரிய கண், அதே சின்ன வாய். ஆணுக்கு ஒரு அழகு, பெண்ணுக்கு வேற ஒரு அழகுன்னு பிரிச்சே வைக்கல. பாரசீகக் கவிதையில இளைஞனுக்கு மேல் உதட்டுல அரும்புற பூனைமுடிக்கு ஒரு தனிச் சொல் இருக்கு, 'கத்'. கோடுன்னும் அர்த்தம், எழுத்துன்னும் அர்த்தம். இந்திப் பாட்டுல கடிதத்துக்கு 'கத்'னு வருதுல்ல, அதே சொல்தான். முகத்துல எழுதின ஒரு வரி மாதிரி அந்த அரும்பு மீசை. அந்த வரி பெண் முகத்துல இருந்தாலும் அழகுதான். போதுமான அளவு இல்லாதவங்க மையால தீட்டிக்கிட்டாங்க.

புருவத்துக்கும் அப்படித்தான். 'வஸ்மே'ன்னு ஒரு செடியோட இலையில இருந்து எடுக்கிற சாயம். அதைக் குழைச்சு, புருவத்தைத் தடிமனாக்கி, நடுவுல இருக்கிற இடைவெளியை நிரப்பி, ரெண்டையும் சேர்ப்பாங்க. நாம பார்லர்ல அஞ்சு நிமிஷம் கண்ணுல தண்ணியோட உட்கார்ந்து எடுக்கிற அதே இடத்தை அவங்க உட்கார்ந்து வரைஞ்சிருக்காங்க. புருவத்தை வில்லோட ஒப்பிடறது நமக்கும் பழக்கம்தான், அவங்க கவிதையிலயும் அது 'கமான்'. நம்ம ஊர்ல வாசல் வளைவுக்கு கமான்னு சொல்றோமே, அது அங்கிருந்து வந்ததுதான். வில் ஒண்ணுதான், எவ்வளவு தடிமன்ங்கிறதுலதான் சண்டை.

அப்புறம் எப்போ இது கேலியாச்சு? 1877ல கார்லா செரீனான்னு ஒரு ஐரோப்பியப் பயணி டெஹ்ரானுக்கு வராங்க. ஷாவோட வீட்டுக்கு வர்ற வெளிநாட்டுப் பெண்களை வரவேற்கிற பொறுப்பு எஸ்மத்துக்கு. எஸ்மத் பியானோ வாசிக்கக் கத்துக்கிட்டவங்க, விருந்தாளிகளைக் கவனிக்கத் தெரிஞ்சவங்க. திரும்பிப் போய் எழுதின புத்தகத்துல செரீனா அவங்க மேல் உதட்டு முடியையும் குறிச்சு வெச்சாங்க, அது ஒரு ஆண்தன்மையைக் கொடுக்குதுன்னு. செரீனா கெட்ட எண்ணத்தோட எழுதினாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கவனிங்க, ஈரான்ல அது அழகோட அடையாளம், செரீனா கண்ணுக்கு அது ஆம்பளையோட அடையாளம்.

அந்தக் காலத்துல ஈரான்காரங்களும் ஐரோப்பா போக ஆரம்பிச்சிருந்தாங்க. அவங்க நம்மளைப் பார்க்கிறாங்கங்கிற உணர்வு வந்துடுச்சு. வந்த பிறகு கண்ணாடி பழைய மாதிரி இருக்காது இல்லையா? மெல்ல மெல்ல மீசை ஆணோட சொத்தா ஆச்சு, பெண் முகத்துல இருந்தா பழைய காலம், அநாகரிகம். நஜ்மாபாதியோட வாதத்தை நான் ரொம்பச் சுருக்கிட்டேன், அவங்க ஆண்கள் மேல ஆண்களுக்கு இருந்த ஆசை, அது எப்படி மறைக்கப்பட்டதுன்னு நிறைய எழுதியிருக்காங்க. அது தனி எபிசோட்.

ஆக, குரூப்புல நாம சிரிக்கிற சிரிப்பு இருக்கே, அது நம்மளோடது மட்டும் இல்ல. 150 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் பழகின பார்வை, கை மாறி நம்ம போனுக்கு வந்திருக்கு.

இந்த இடத்துல ஒரு நண்பர் கேட்டாரு, 'அப்போ எல்லாம் வெள்ளைக்காரன் வேலையா?'ன்னு. இல்லங்க, அப்படி அவங்க தலையில மொத்தமாக் கட்டிட முடியாது. எங்க பாட்டி குப்பைமேனி இலையையும் கஸ்தூரி மஞ்சளையும் அரைச்சு என் முகத்துல பூசினது எந்த ஐரோப்பியரும் சொல்லிக்கொடுத்து இல்ல. ஆனா அதே பாட்டி, காலேஜ் போற வரைக்கும் புருவத்துல கை வைக்கக் கூடாதுன்னு கறாரா இருந்தாங்க. ஈரான்லயும் இதே கதைதான். அங்க நூல் வெச்சு முகத்து முடியை எடுக்கிறதுக்கு 'பந்த் அந்தாஸி'ன்னு பேரு. கல்யாணத்துக்கு முன்னாடி மணப்பெண்ணுக்கு அதை ஒரு சடங்காவே செய்வாங்க. அதுவரைக்கும் பொண்ணுங்க எடுக்கக் கூடாது. எடுத்தாலும் பேச்சு, எடுக்கலைன்னாலும் பேச்சு, பொண்ணு முகத்துல முடிவெடுக்கிறது மட்டும் எப்பவும் வேற யாரோ.

எனக்குப் பதினாலு வயசுல புருவம் எடுக்கப் போனப்ப பார்லர் அக்கா சாதாரணமா கேட்டாங்க, 'அப்பர் லிப்பும் பண்ணிடலாமாடா?'ன்னு. அந்த நிமிஷம் வரைக்கும் அங்க முடி இருக்குன்னே எனக்குத் தெரியாது. அப்புறம் தெரியாம இருந்ததே இல்ல.

இதைக் கேட்கிற பலருக்கு பிசிஓஎஸ் இருக்கலாம், அதனால ஒரு விஷயம் சொல்லிடறேன். உடம்பு முடியை அளக்க டாக்டர்கள் ஒரு மதிப்பெண் அட்டவணை வெச்சிருக்காங்க, 1961ல பிரிட்டன்ல ரெண்டு பேர் உருவாக்கினது. அவங்க பேரையே வெச்சு ஃபெர்ரிமன்-கால்வே அட்டவணைன்னு சொல்வாங்க. மேல் உதடு, தாடை, வயிறுன்னு இப்போ ஒன்பது இடம், ஒவ்வொண்ணுக்கும் பூஜ்யத்துல இருந்து நாலு வரை மார்க். எத்தனை மார்க் வந்தா 'அதிகம்'ங்கிறது இனத்துக்கு இனம் மாறும்னு மருத்துவ வழிகாட்டுதலே சொல்லுது. மாதவிடாய் தள்ளிப்போய், திடீர்னு தடிமனா முடி வளர்ந்தா டாக்டரைப் பாருங்க, அது உங்க ஹார்மோனுக்காக. சின்ன வயசுல இருந்தே இருக்கிற பூனைமுடி, பெரும்பாலும் அது வெறும் முடிதான்.

நான் இப்பவும் த்ரெடிங் பண்றேன். நிறுத்தச் சொல்லி இந்த எபிசோட் இல்ல. எனக்கு உறுத்துறது வேற.

அந்த மீம்ல இருக்கிற ரெண்டு பேர்ல இளையவங்க, தாஜ், ஒரு எழுத்தாளர். 1884ல பிறந்து 1936ல இறந்தவங்க. 1914 வாக்குல தன்னோட வாழ்க்கையை எழுதினாங்க. அரண்மனை இளவரசி தன் அப்பா ராஜாவோட ஆட்சியையே விமர்சிச்சு எழுதுறாங்க. தான் அழகான குழந்தையா இருந்ததையும் கூச்சமில்லாம எழுதுறாங்க. அம்மாகிட்ட இருந்து தள்ளி, தாதிகள் கையில வளர்ந்த வருத்தத்தை எழுதுறாங்க. விவரம் தெரியாத வயசுல பேசி முடிச்ச கல்யாணம் எப்படி இருந்துச்சுன்னு எழுதுறாங்க. பெண்கள் முக்காட்டை எடுக்கணும், வேலைக்குப் போகணும்னு எழுதுறாங்க. பெண்கள் சுதந்திரத்துக்காக நடந்த ஒரு சங்கத்துல உறுப்பினர். கணவரைப் பிரிஞ்சு தனியா வாழ்ந்தவங்க. இவ்வளவும் செஞ்சவங்களை இன்டர்நெட் எதுக்காக ஞாபகம் வெச்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியும்.

அந்த நினைவுக்குறிப்பு 1993ல ஆங்கிலத்துல வந்திருக்கு, தேடினா கிடைக்கும். பெரிய புத்தகம் இல்ல. ஆனா ஒண்ணு, நமக்குக் கிடைச்சிருக்கிற கையெழுத்துப் பிரதி முழுசா இல்ல. பாதியில, பேசிக்கிட்டிருக்கும்போதே நின்னுடுது.