இசைக் குழுவில் பெண்களுக்கு இடம்

(ஓர் இசைக் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இந்தக் கழகத்தார் பிழைப்புக்காக வாசிக்கிறவர்கள் அல்ல. பகலெல்லாம் கடையிலும் பட்டறையிலும் வயலிலும் உழைத்துவிட்டு, ஆசைக்காகப் பறையும் பிடிலும் புல்லாங்குழலும் பழகி, நமது கூட்டங்களிலும் சுயமரியாதைத் திருமணங்களிலும் காசு வாங்காமல் பாடி வருகிறவர்கள். இதுவரை ஆண்கள் மாத்திரமே அங்கத்தினர். இனிப் பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று இன்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. அதற்கு ஆட்சேபணைகளும் இருக்கின்றன. ஒரு திருத்தமும் இருக்கிறது. அவைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறேன். நான் சொல்லுவது உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முதல் ஆட்சேபணை, "ஆணும் பெண்ணும் கூடிப் பாடுவது நமது வழக்கமல்ல" என்பது. யாருடைய வழக்கம் என்று கேட்கிறேன். நடவு வயலில் பாடுகிறவர்கள் யார்? தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் யாருடைய பாட்டு? சேற்றில் நின்று அவள் பாடும்போது வரப்பில் நிற்கிற ஆண் காதை மூடிக்கொள்ளுவதில்லையே! மேடை என்று ஒன்று போட்டு, அதன்மேல் ஜமுக்காளம் விரித்த பிறகுதானே வழக்கம் குறுக்கே வருகிறது?

கோயிலில் நடப்பதைப் பாருங்கள். மார்கழி மாதத்தில் ஓதப்படும் திருப்பாவையைப் பாடியவள் ஆண்டாள் என்னும் ஒரு பெண் என்று அவர்களே சொல்லுகிறார்கள். ஆனால் கோஷ்டியில் நின்று அதை ஓதுகிறவர்கள் ஆண்கள். பாட்டுக் கட்டியவளுக்குச் சிலை உண்டு, மாலை உண்டு. அவள் இனத்தாருக்கு வரிசையில் நிற்க மாத்திரம் இடமில்லை. கையில் வீணையோடு சரஸ்வதி என்று ஒரு பொம்மையை வைத்துக் கும்பிடுகிறவர்கள், உயிருள்ள ஒரு பெண் வீணையைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்தால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

இந்த நாட்டில் பெண்ணுக்கு வைத்த பொறி இரட்டைப் பொறி. ஒரு கூட்டத்துப் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிட்டு, ஆடு, பாடு என்றார்கள். பாடின குற்றத்துக்கு அவர்களைத் தாசி என்றார்கள். மற்றப் பெண்களைப் பார்த்து, பாடினால் நீயும் தாசி என்றார்கள். வீணை தனம்மாள் போன்ற பெரிய வித்வான்கள் அந்தக் கூட்டத்திலிருந்துதான் வந்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி அம்மையார், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முதலானவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 1947-இல்தான் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. பொறி சட்டத்தில் உடைந்ததே ஒழிய, மனத்தில் உடையவில்லை. இன்று இந்த ஆட்சேபணையைச் சொல்லுகிற தோழரின் மனத்தில் இருப்பதும் அந்தப் பழைய பொறியின் ஒரு துண்டேயாகும்.

சங்கீத உலகமோ படித்தவர்களின் உலகம் என்பார்கள். சென்னை மியூசிக் அகாடமி 1928-இல் ஏற்பட்டது. அது ஒரு பெண்ணுக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் கொடுத்தது 1968-இல், பெற்றவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. ஒரு பெண்ணின் பாட்டுக்கு அந்த மரியாதை வர நாற்பது ஆண்டுகள் ஆயின என்றால், குறை பாட்டிலா இருந்தது?

இரண்டாவது ஆட்சேபணை தீட்டு. "மாதத்தில் மூன்று நாள் பெண்கள் வாத்தியத்தைத் தொடக்கூடாதே, அப்போது கச்சேரி வந்தால் என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டாராம். மிருதங்கத்தில் பூட்டியிருப்பது செத்த மாட்டின் தோலும் ஆட்டின் தோலுந்தான். செத்த மாட்டுத் தோல் தீட்டில்லை, அதைத் தொடுகிற உயிருள்ள மனுஷியின் கை தீட்டு என்றால், இதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

மூன்றாவது பலம். நாதஸ்வரம் ஊத மூச்சுப் போதாது, பறையடிக்கக் கை தாங்காது என்கிறார்கள். இரண்டு குடம் தண்ணீரைத் தலையிலும் இடுப்பிலும் வைத்து நடக்கிறவளுக்கா பலமில்லை? மதுரை பொன்னுத்தாய் அம்மையார் நாதஸ்வரம் வாசித்துப் பேர் எடுத்தார். காலீஷாபி அம்மையாரும் அவர் துணைவர் ஷேக் மெகபூப் சுபானியும் ஒரே மேடையில் உட்கார்ந்து நாதஸ்வரம் வாசிக்கிறார்கள். 2020-இல் இருவருக்கும் சேர்த்துப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி அடித்து ஆடுகிறார்கள். சாவுக்கு அடிக்கிற இழிவு வேலை என்று ஒரு ஜாதியின் தலையில் கட்டிய பறையை நாம் மானத்தின் சின்னமாக எடுத்திருக்கிறோம். ஜாதி இழிவைப் போக்க எடுத்த கருவியில் பெண் இழிவை ஏற்றி வைப்பது என்ன நியாயம்?

நான்காவதாகச் சொல்லப்படுவது சுருதி. இது ஒன்றே விஷயம் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, இரண்டு கட்டைக்குள் பாடுகிறார்கள். பெண்களுக்கு ஐந்து, ஆறு கட்டை வேண்டும். ஒரு கட்டையிலேயே எல்லாரும் பாடு என்றால் பெண்ணின் குரல் அடியில் அமுங்கிப் போகும். பிறகு, "பார்த்தாயா, பெண்ணுக்குக் குரல் எழும்பவில்லை" என்று தீர்ப்புச் சொல்லுவது சுலபம். ஆனால் ஒரு கட்டையில் பாடுகிற ஆணின் பஞ்சமந்தான், ஐந்து கட்டையில் பாடுகிற பெண்ணின் ஷட்ஜம். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அடிகளைப் பிரித்துக்கொண்டு மாறி மாறிப் பாடலாம். குரல்களை மேல், கீழ் என்று வகுத்து, வகுப்புக்கு ஏற்ற மெட்டமைத்துச் சேர்ந்தும் பாடலாம். சினிமாவுக்கு இசையமைத்த எம்.பி. சீனிவாசன் 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை ஏற்படுத்தி, உங்களைப் போன்ற தொழில்முறையல்லாத ஆண்களையும் பெண்களையும் சேர்த்தே பாடவைத்துக் காட்டினார். வாத்தியங்களுக்கோ இந்தக் கவலையே இல்லை. பறைக்கு ஆண் சுருதி, பெண் சுருதி என்று உண்டா?

இது நம் நாட்டுப் பைத்தியம் மாத்திரமென்றும் நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் இசைக்குப் பேர்போன வியன்னா நகரத்தின் பில்ஹார்மோனிக் குழு 1997 வரையில் எந்தப் பெண்ணையும் அங்கத்தினராகச் சேர்க்கவில்லை. அமெரிக்காவிலோ பல குழுக்கள் பரீட்சைக்கு வருகிறவர்களைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லின. வாசிக்கிறவர் ஆணா பெண்ணா என்பது தெரியாது, காதுக்குத்தான் வேலை. அதன் பிறகு அங்கே பெண்களின் தொகை உயர்ந்தது. நம் ஊரில் பெண்ணை மறைக்கப் போட்ட திரை, அங்கே ஆணின் ஓரவஞ்சனையை மறைக்கப் பயன்பட்டது.

"பெண்களுக்குத் தனிக் குழு வைத்துக் கொடுத்தால் போதாதா?" என்று சிலர் சமாதானம் பேசுகிறார்கள். பெண்கள் தாங்களாகக் கூடித் தனிக் குழு வைத்தால் வரவேற்கிறேன். வெளியே தள்ளப்பட்டவர்கள் தங்களுக்கென்று ஓர் இடம் தேடிக்கொள்ளுவது வேறு; உள்ளே இருக்கிறவர்கள், "உனக்கு அந்தப் பக்கம் இடம்" என்று கைகாட்டுவது வேறு. டீக்கடையில் தனிக் கிளாஸ் வைத்தவனும் டீ கொடுக்கத்தான் செய்தான்.

இனித் திருத்தத்துக்கு வருகிறேன். தகப்பனார் அல்லது கணவரின் சம்மதக் கடிதம் கொண்டுவரும் பெண்களை மாத்திரம் சேர்க்கலாம் என்பது திருத்தம். நல்லது. இங்கே இருக்கிற ஆண்களில் எத்தனை பேர் மனைவியின் சம்மதக் கடிதத்தோடு சேர்ந்தீர்கள்? ஒருவரும் இல்லையே! 18 வயதில் ஓட்டுப் போட்டு மந்திரிசபையை மாற்ற உரிமையுள்ளவளுக்கு, ஒரு பாட்டுப் பாட ஆணின் கையெழுத்து வேண்டுமா? 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாகாண மாநாட்டில் பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்த இயக்கம் இது. சொத்துக்குக் கேட்காத கடிதத்தைச் சுருதிக்குக் கேட்பது வெட்கக்கேடு.

கடைசியாக ஒன்று. தீர்மானம் நிறைவேறினால் மாத்திரம் பெண்கள் வந்துவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. உங்கள் ஒத்திகை இரவு ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் அவள் உங்களுக்குச் சோறு போட்டுவிட்டுப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள். கதவைத் திறந்துவைத்து, அவள் வரமுடியாத நேரத்துக்குக் கூட்டத்தை வைத்துவிட்டு, "நாங்கள் அழைத்தோம், அவர்கள் வரவில்லை" என்று சொல்லுவது யோக்கியமாகாது. ஆகையால் ஒத்திகையை ஞாயிற்றுக்கிழமை பகலுக்கு மாற்றுங்கள். அன்றைக்கு அடுப்பு வேலையை ஆண்கள் பாருங்கள். வருகிற பெண்ணைத் தம்புராவோடு பின்னால் உட்காரவைத்து மேடைக்கு அழகு காட்டாதீர்கள். முன்பாட்டும் கொடுங்கள், நிர்வாகத்திலும் கணக்கு வழக்கிலும் இடம் கொடுங்கள். எவனாவது தவறாக நடந்தால் அவனை வெளியே அனுப்புங்கள். அவனுக்குப் பயந்து அவளை வீட்டில் இருக்கச் சொல்லாதீர்கள்.

தோழர்களே! திருத்தத்தைத் தள்ளி, தீர்மானத்தை நிறைவேற்றுங்கள். ஒத்திகை நேரத்தை மாற்றுவதையும் இன்றைக்கே முடிவு செய்துவிட்டு எழுந்திருங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.