நாட்டுப் பசுவைக் காப்போம்

(அனலைதீவில் ஆற்றிய உரை)



கடல்சூழ்ந்த அனலைதீவிலே நமக்கு ஆறில்லை. கிணற்று நீரையும் மாட்டெருவையும் நம்பியே புகையிலை நட்டோம். கிழித்துப் போட்ட பனையோலையைத் தின்று பாலும் எருவும் தந்தது நமது நாட்டுப் பசு.

2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது இலங்கையெங்கும் கமக்காரர் கலங்கினர். பட்டியில் மாடு நின்றவனுக்கோ எரு கைவசமிருந்தது.

சீமைப் பசு மிகுதியாகப் பால் தரும், மறுக்கவில்லை. ஆனால் அதன் தீனி படகேறி வரவேண்டுமே!

1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் மாட்டுக்குக் குறிசுடவும், வேற்றிடம் கொண்டுசெல்ல அனுமதி பெறவும் விதிக்கிறது. குறியில்லாத மாடு களவுபோனால் மன்றிலே எது சான்று?

ஆகவே, மாடுகளைப் பதிவுசெய்வோம். நல்ல நாம்பனை விற்காது ஊர்ப்பொதுவில் வளர்ப்போம். நிலத்தின் உரிமை கேட்கும் நாம், அந்நிலத்தை வாழவைத்த பசுவைக் கைவிடலாமா?