பட்டாவும் மஞ்சள் பெட்டியும்



ஆங்கில ஆட்சியின் கடைசிக் காலத்தில் நடந்த சட்டமன்றத் தேர்தல்களைப் பற்றிப் பேச இரண்டு நாள் இங்கே கூடியிருக்கிறோம். இதற்கு அந்தியூரைத் தேர்ந்தது நல்ல முடிவு. சென்னையில் உட்கார்ந்து இந்த வரலாற்றை எழுதியவர்கள் தலைவர்களைப் பற்றியே எழுதினார்கள். அன்றைய கோயம்புத்தூர் ஜில்லா, பவானி தாலுகாவிலிருந்து பார்த்தால் ஓட்டுப் போட்டவர் யார், போடாதவர் யார் என்ற கேள்விதான் முதலில் எழும்.

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி 1920 நவம்பரில் முதல் தேர்தல் நடந்தது. சென்னை மாகாணச் சட்டசபையில் 132 இடங்கள். அவற்றில் 98 தேர்தலால் நிரம்பின. காங்கிரஸ் ஒதுங்கிக்கொண்டது, நீதிக்கட்சி 63 இடங்களைப் பிடித்தது. இதெல்லாம் பாடநூலிலேயே இருக்கிறது. ஆனால் நாட்டுப்புறத்தில் ஓட்டுரிமை கிடைக்கக் குறைந்தது 10 ரூபாய் ஆண்டு மதிப்புள்ள நிலத்துக்குப் பட்டா வேண்டும் என்ற விதியை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். ஊர்க் கணக்கரான கர்ணம் வைத்திருந்த கணக்கிலிருந்துதான் வாக்காளர் பட்டியலே பிறந்தது. நிலத்தில் உழைத்தவர் பெயர் அந்தக் கணக்கில் ஏறவில்லை. நிலவரியான கிஸ்தியைக் கட்டியவர் பெயர் ஏறியது.

இப்படிப்பட்ட வாக்காளர்களிடமிருந்து எப்படிப்பட்ட தலைவர் வருவார் என்பதற்குத் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது. 1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சி 41 இடங்கள் பெற்றும் ஆட்சி அமைக்க மறுத்தது. எந்தக் கட்சியின் பெயரிலும் இல்லாத சுப்பராயன் ஆளுநரின் அழைப்பில் முதல் அமைச்சரானார். சைமன் குழுவைப் புறக்கணிக்கும் சர்ச்சையில் அவருடைய சக அமைச்சர்கள் இருவர் விலகினார்கள். அவர் விலகவில்லை, வேறு இருவரைச் சேர்த்துக்கொண்டு 1930 வரை ஆண்டார். அதே சுப்பராயன் 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் காங்கிரஸ்காரராகச் சட்டமும் கல்வியும் பார்த்தார். இதைக் கட்சித் தாவல் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அவரைத் தேர்ந்தெடுத்த நிலவுடைமை வர்க்கம் முழுவதுமே அந்தப் பத்தாண்டில் இடம் மாறியது என்பதே என் கருத்து.

ஏன் மாறியது? 1929க்குப் பிறகு வந்த பொருளாதார மந்தத்தில் பருத்தி, தானிய விலைகள் சரிந்தன. கிஸ்தி அந்த அளவுக்குக் குறையவில்லை. வட்டியோ ஏறிக்கொண்டே போனது. கடன் பத்திரம் எழுதிக்கொடுத்த பட்டாதாரருக்கு, பொப்பிலி ராஜா தலைமையில் நடந்த நீதிக்கட்சி ஆட்சி தன் ஆட்சி என்று தோன்றவில்லை. 1934இல் மத்திய சட்டசபைத் தேர்தலில், அந்தச் சபையின் தலைவராகவே இருந்த கோவை ஆர். கே. சண்முகம் செட்டியார் தோற்றார். காற்று திரும்பியது அப்போதே தெரிந்துவிட்டது.

1937 பிப்ரவரிக்கு வருவோம். இந்த முறை கட்சிக்கொரு நிறத்தில் ஓட்டுப்பெட்டி வைத்தார்கள். காங்கிரசுக்கு மஞ்சள், முஸ்லிம் லீகுக்குப் பச்சை. பெயரைப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டுவிடலாம். மஞ்சளுக்கு இந்த மண்ணில் என்ன மதிப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காங்கிரஸ்காரர்கள் அதை விட்டுவைப்பார்களா? 'மஞ்சள் பெட்டி' என்பதே பிரசாரமாகிவிட்டது. நம் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் மேடையேறிப் பாடினார். பாட்டுக் கேட்கக் கூடிய கூட்டம் பேச்சையும் கேட்டது. அந்தக் கூட்டத்தில் ஓட்டில்லாதவர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. 215 இடங்களில் காங்கிரஸ் 159 வென்றது.

இதை மக்கள் அலை என்று எழுதுகிறோம். எந்த மக்கள்? 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் ஓட்டுரிமையை விரித்தது உண்மை. எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கும், தகுதியுள்ளவரின் மனைவிக்கும் ஓட்டு வந்தது. பெண்களுக்கு 8 இடங்களும், பூனா ஒப்பந்தத்தின்படி தாழ்த்தப்பட்டோருக்கு 30 இடங்களும் ஒதுக்கப்பட்டன. அப்படியும் பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் மக்கள்தொகையில் சுமார் 14 விழுக்காட்டினருக்கே ஓட்டிருந்தது. தோட்டத்தில் நீர் இறைக்கக் கவலை ஓட்டிய பண்ணையாளுக்கு இல்லை. மாகாணம் முழுவதிலுமுள்ள பழங்குடிகளுக்கு ஒதுக்கியது ஒரே ஓர் இடம். பர்கூர் மலையில் வாழ்ந்தவருக்கு அதில் என்ன பங்கு கிடைத்திருக்கும்?

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் நடந்ததையும் பாருங்கள். இலங்கையில் டொனமூர் ஆணைக்குழு பரிந்துரைத்தபடி 1931இலேயே வயதுவந்த அனைவருக்கும் ஓட்டுரிமை வந்தது. குடியிருப்புத் தகுதி காட்ட முடிந்த தேயிலைத் தோட்டத் தமிழரும் வாக்களித்தார்கள்; ஹட்டன் தொகுதியில் வென்ற பெரி சுந்தரம் அமைச்சரானார். சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து கூலிக்குக் கப்பலேறியவருக்கு அங்கே ஓட்டு. ஊரில் தங்கிவிட்ட அவர் அண்ணனுக்கு இல்லை. சுதந்திரம் வந்ததும் அங்கே அந்த உரிமையைப் பறித்தார்கள் என்பது வேறொரு சோகம்.

ஓட்டு யாரிடம் இருந்ததோ அவர் குறையைத்தான் அரசு முதலில் கேட்கும். ராஜாஜி அரசு 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. கடன் வாங்க நிலம் வைத்திருந்தவருக்கே அதில் பெரும்பயன். மதுவிலக்கு மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அது காந்தியக் கொள்கை. 1937 அக்டோபர் 1 முதல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு. அதாவது காவிரிக்கு அந்தக் கரையில் குமாரபாளையத்தில் கள்ளுக்கடை கிடையாது, இந்தக் கரையில் பவானியில் உண்டு. ஒரே ஆறு, ஒரே நெசவுத் தொழில், கரைக்கொரு சட்டம். இரண்டு ஊர்க் குடும்பங்களிலும் இது என்னென்ன செய்தது என்று தனி ஆய்வே எழுதலாம். இளைய ஆய்வாளர்கள் யாராவது கையிலெடுக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்கள் ஆவணக் காப்பகத்தை நன்கு அறிந்தவர்கள். இந்தப் பக்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டிகளில் பழைய கிஸ்தி ரசீது, கடன் பத்திரம், தேர்தல் துண்டறிக்கை, வாக்காளர் பட்டியலின் கிழிந்த தாள் ஏதேனும் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நாளை மாலைக்குள் கொண்டுவந்து காட்டுங்கள்; படமெடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தருகிறோம். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை இனி மேடைக்கு அழைக்கிறேன்.