இஞ்சிக்கு ஒரு கணக்கு, சுக்குக்கு ஒரு கணக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மூலிகை டிங்சர் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நம் செயலாளர் ஒரு மாதிரி பார்த்தார். "ஏன் சார், வைத்தியத்துல இறங்கிட்டீங்களா?" என்றார். இல்லை. இது வைத்தியம் அல்ல, சுத்தமான மாஸ் பேலன்ஸ். கெமிக்கல் பிரிவு மாணவர்கள் 'லீச்சிங்' என்று ஓர் அத்தியாயம் படிக்கிறார்கள். திடப்பொருளில் உள்ள சத்தை ஒரு திரவத்தைக் கொண்டு கரைத்து இறக்குவது. காலையில் வீட்டு ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்குவதும் அதுதான். தண்ணீருக்குப் பதில் ஆல்கஹாலை ஊற்றினால் டிங்சர்.

நமக்கு டிங்சர் என்றால் அடிபட்ட இடத்தில் போடுகிற டிங்சர் அயோடின், டிங்சர் பென்சாயின்தான் ஞாபகம் வரும். ஆனால் வெளிநாட்டில் குடியேறிவிட்ட நம் ஆட்கள் பல பேருக்கு இது இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அமெரிக்காவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் ஒருவன் போனில் கேட்டான்: "டேய், ஒரு புஸ்தகத்துல 1:5-ங்கிறான், இன்னொண்ணுல 1:2-ங்கிறான். இஞ்சி டிங்சருக்கு எதுடா ஸ்ட்ராங்?" கேள்வி சின்னதுதான். பதில் அப்படி இல்லை.

1:5 என்றால் 1 கிராம் மூலிகைக்கு 5 மில்லி திரவம். முதல் எண் எடை, இரண்டாவது எண் கன அளவு. இரண்டையும் டம்ளரால் அளப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடுவோம். உலர்ந்த மூலிகைக்கு 1:5, பச்சை மூலிகைக்கு 1:2 என்பது பொது வழக்கம். என் தோழன் கேட்ட இரண்டு விகிதங்களும் அவைதான். இங்கிலீஷ்காரன் 'டிரை ஜிஞ்சர்', 'ஃப்ரெஷ் ஜிஞ்சர்' என்று அடைமொழி போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பாட்டிமார்கள் சுக்கு, இஞ்சி என்று பேரையே மாற்றி வைத்துவிட்டார்கள். அது வெறும் பேர் வித்தியாசம் இல்லை.

இஞ்சியில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். நன்றாகக் காய்ந்த சுக்கில் சுமார் 10 சதவீதம். இதை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம், கால்குலேட்டர் வேண்டாம்.

100 கிராம் சுக்கு, 500 மில்லி ஸ்பிரிட். இது 1:5. காய்ந்த சரக்கு 90 கிராம், மொத்தத் திரவம் 510 மில்லி. ஆக 100 மில்லிக்குக் கிட்டத்தட்ட 17.6 கிராம் சரக்கு.

100 கிராம் இஞ்சி, 200 மில்லி ஸ்பிரிட். இது 1:2. காய்ந்த சரக்கு 20 கிராம்தான். திரவமோ 200 மில்லி இல்லை. இஞ்சிக்குள் இருந்த 80 மில்லி தண்ணீரும் சேர்ந்து 280. ஆக 100 மில்லிக்கு 7.1 கிராம்.

லேபிளைப் பார்த்தால் 1:2 என்பது 1:5-ஐவிட இரண்டரை மடங்கு காட்டமாகத் தெரிகிறது. உள்ளே இருப்பதைப் பார்த்தால் இரண்டரை மடங்கு நீர்த்தது! தோழனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"அப்படின்னா இஞ்சியைக் கூடப் போட்டுச் சரி பண்ணிடலாமே?" என்றான். முடியாது. சுக்கின் அடர்த்தியை இஞ்சியில் கொண்டுவர 100 மில்லி திரவத்துக்கு 88 கிராம் இஞ்சி வேண்டும். அதற்குள்ளேயே 70 மில்லி தண்ணீர் இருக்கிறது. ஸ்பிரிட்டுக்கு மிச்சம் 30 மில்லிதான் இடம். 95 சதவீத ஸ்பிரிட்டையே ஊற்றினாலும் மொத்தத்தில் ஆல்கஹால் 28 சதவீதத்தைத் தாண்டாது. அங்கே சரக்கு ஏற ஏற ஆல்கஹால் இறங்கும். இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க வழியில்லை. ஆகவே இஞ்சி வகைக்கு என் ஓட்டு சுக்குக்குத்தான். காயும்போது ஜிஞ்சரால் என்ற காரச்சத்தில் ஒரு பகுதி ஷோகாவாலாக மாறுகிறது. அது இன்னும் காரம். துளசி மாதிரி, காயவைத்தால் வாசனை பறந்துவிடும் இலை என்றால் பச்சையாகவே போடலாம். ஆனால் ஸ்பிரிட் கடுமையாக இருக்க வேண்டும்.

இந்தத் தண்ணீர்தான் வீட்டு டிங்சரின் வில்லன். ஜாடி நிறையத் துருவிய இஞ்சி, அது முழுகும்வரை வோட்கா என்று ஒரு சுலப முறை சொல்கிறார்கள். ஒரு லிட்டர் ஜாடியில் இஞ்சி 550 கிராம், வோட்கா 400 மில்லி என்று வையுங்கள். வோட்கா 40 சதவீதம், ஆகவே ஆல்கஹால் 160 மில்லி. இஞ்சித் தண்ணீர் 440 மில்லி. மொத்தம் 840-ல் 160, அதாவது 19 சதவீதம். 20-க்குக் கீழே போனால் கெடாமல் காக்கும் என்று நம்பி உட்கார முடியாது. "அரிஷ்டத்துல அதைவிடக் கம்மிதானே?" என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம், பெரும்பாலும் 5-லிருந்து 10 சதவீதம்தான். அது கஷாயத்தில் வெல்லமும் காட்டாத்திப் பூவும் போட்டுப் புளிக்க வைத்து, உள்ளேயே உண்டாகிற ஆல்கஹால். அது வேறு தொழில். (ஊறல் என்றாலே நம் ஊரில் போலீஸ்தான் ஞாபகம் வருகிறது, என்ன செய்ய!)

விகிதம் சரியாக இருந்தாலும் ஸ்பிரிட் தப்பாக இருந்தால் பிரயோசனமில்லை. சுக்கின் காரம் பிசினோடும் எண்ணெயோடும் சேர்ந்தது; தண்ணீருக்கு அது மசியாது. அதனால்தான் பிரிட்டிஷ் மருந்து நூல் கடும் இஞ்சி டிங்சருக்கு 90 சதவீத ஆல்கஹால் கேட்கிறது. அந்த டிங்சரில் நாலு சொட்டுத் தண்ணீரில் விட்டால் பால்போலக் கலங்கும். கரைந்திருந்த பிசின், தண்ணீரைக் கண்டதும் பிரிந்து நிற்கிறது. 40 சதவீத வோட்காவில் போட்டால் காரத்தில் ஒரு பங்கு சக்கையிலேயே தங்கிவிடும். லேபிளில் 'புரூஃப்' என்று இருந்தால் ஜாக்கிரதை. அமெரிக்காவில் 80 புரூஃப் என்பது 40 சதவீதம். நம் நாட்டில் 75 டிகிரி புரூஃப் என்பது 42.8 சதவீதம். இந்த 42.8-ஐ எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று பின்வரிசையில் சில பேர் சிரிக்கிறார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஊமத்தை, அரளி, செங்காந்தள் இவற்றை எந்த விகிதத்திலும் வீட்டில் தொடாதீர்கள். வீரியமான சரக்குகளின் டிங்சர் நாட்டுக்கு நாடு வேறு வேறு பலத்தில் இருந்ததால் வந்த ஆபத்தைப் பார்த்துத்தான், 1902-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பல நாடுகள் கூடி, அவற்றை 10 சதவீதம் என்று பொதுவாக்கின. சாதாரணச் சரக்குக்கு 5 பங்கு என்றால் வீரியமான சரக்குக்கு 10 பங்கு. அதுவும் பரிசோதனைக் கூடம் வைத்திருப்பவர்களுக்கு.

இனி, மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை. அமெரிக்காவில் மதுவிலக்கு 1920-லிருந்து 1933 வரை. அந்தக் காலத்தில் 'ஜமைக்கா ஜிஞ்சர்' என்ற இஞ்சிச் சாறு மருந்துக் கடையில் கிடைத்தது, பெரும்பங்கு ஆல்கஹால். குடிக்க முடியாதபடி காரமாக இருக்கட்டும் என்று, அதில் இஞ்சிச் சரக்கு இவ்வளவு இருந்தாக வேண்டும் என அரசாங்கம் விதித்தது. பரிசோதனை எப்படி? கொதிக்க வைத்து ஆவியாக்கி, மிச்சத்தை எடை போடுவது. எடை இருந்தால் பாஸ். சில வியாபாரிகள் இஞ்சியைக் குறைத்து, எடைக்கு வெல்லப்பாகு, விளக்கெண்ணெய் என்று கலந்தார்கள். 1930-ல் பாஸ்டன் நகரத்து இருவர் கலந்தது, பிளாஸ்டிக்கை இளக்க உதவும் டிரை ஆர்த்தோ கிரெசில் பாஸ்பேட். ருசியில்லை, வாசனையில்லை, ஆவியாகாது, எடையும் கிடைக்கும். பரிசோதனையில் ஜம்மென்று தேறியது. குடித்தவர்களுக்குக் கால் விழுந்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் ஏழைகள். நம் நாட்டிலேயே 1988-ல் கல்கத்தாவின் பெஹாலா பகுதியில், இதே குடும்பத்து ரசாயனம் கலந்த சமையல் எண்ணெயால் நூற்றுக்கணக்கானவர்கள் முடங்கிப் போனார்கள்.

அந்தப் பரிசோதகர்கள் அளந்தது சரிதான். எவ்வளவு என்று கேட்டார்கள். எது என்று கேட்கவில்லை. நாளைக்கு நீங்கள் ஒரு ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் உட்காரும்போது, தராசு காட்டுவதைக் குறித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவதற்குமுன் அந்த இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள்.

ஸ்பிரிட்டுக்கும் இதே கதைதான். நம் மாநிலத்தில் ரெக்டிஃபைடு ஸ்பிரிட்டுக்கு உரிமம் வேண்டும். அது கிடைக்கவில்லை என்று பாலீஷ் போடுகிற ஸ்பிரிட்டை வாங்கி மூலிகை ஊறவைக்க நினைக்கிறவர்கள் இருந்தால், தயவுசெய்து வேண்டாம். குடிக்க முடியாததாக ஆக்குவதற்கென்றே அதில் மெத்தனால் போன்றவற்றைக் கலக்கிறார்கள். வடிகட்டினாலும் காய்ச்சினாலும் வீட்டில் அதைப் பிரிக்க முடியாது. மெத்தனால் என்ன செய்யும் என்று 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் பார்த்தோம். 60 பேருக்கு மேல் போய்விட்டார்கள். உள்ளூரில் இருப்பவர்களுக்குச் சுக்குக் கஷாயமே போதும். உரிமமும் வேண்டாம், வயிறும் கெடாது.

வெளிநாட்டு நண்பர்கள் டிங்சர் போட்டால், பாட்டிலில் விகிதத்தை மட்டும் எழுதாதீர்கள். பச்சையா காய்ந்ததா, எத்தனை கிராம், எத்தனை மில்லி, ஊற்றியபோது ஸ்பிரிட் எத்தனை சதவீதம், என்றைக்குப் போட்டது என்று முழுசாக எழுதி ஒட்டுங்கள். என் தோழன் அடுத்த தடவை சுக்கு வாங்கிப் போட்டான். காரம் தலைக்கு ஏறியதாகக் கேள்வி.