கூலியும் பொறுப்பும்: முத்துக்குளித்துறைக் கரையில் குடிமக்கள் காவல்

ராணுவத்திலும் போலீசிலும் சேராத ஊர்மக்கள் தங்கள் ஊரையும் உடைமையையும் காக்கத் தாங்களே அணி திரளும் ஏற்பாடு குடிமக்கள் படை. அதில் இருப்பவன் முழுநேரச் சிப்பாய் அல்லன். ஏரையோ வலையையோ விட்டுவிட்டு வந்து, வேலை முடிந்ததும் அதற்கே திரும்புகிறவன். இதற்கு உதாரணம் கேட்டால் வழக்கமாக இரண்டு நாடுகளைச் சொல்வார்கள். சுவிட்சர்லாந்தில் பயிற்சி பெற்ற குடிமகன் ராணுவத் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருக்கிறான். அமெரிக்காவில் 1791இல் வந்த இரண்டாம் அரசியல் சட்டத் திருத்தம் குடிப்படையையும் ஆயுத உரிமையையும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் படைகளைத் தேசியக் காவற்படையாக ஒழுங்குபடுத்திய பிறகும் அந்த வாக்கியத்தின் மேல் வழக்கு ஓயவில்லை. இரண்டு இடத்திலும் பேச்சு துப்பாக்கியைச் சுற்றியே நிற்கிறது. இக்கருத்தரங்கு கூடியிருக்கும் தூத்துக்குடிக் கரையின் வரலாறோ வேறொரு கேள்வியை முன்னுக்குக் கொண்டுவருகிறது: காவல் தவறினால் யார் மடியிலிருந்து பணம் போகும்?

பழைய நெல்லைச் சீமையில் காவல் இரண்டு வகை. ஓர் ஊருக்குள் பார்ப்பது ஸ்தலக்காவல். பல ஊர்களையும் வழித்தடங்களையும் சேர்த்துப் பார்ப்பது திசைக்காவல். இது பெரும்பாலும் பாளையக்காரர்கள் கையில் இருந்தது. குடியானவன் களத்தில் நெல்லாகவோ கையில் பணமாகவோ காவல் கூலி கொடுத்தான். வாங்கியவன் தலையில் ஒரு கடமை ஏறியது. களத்து நெல் போனாலும் தொழுவத்து மாடு போனாலும் அதைத் தேடிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தானே கொடுத்துத் தீர்க்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் அச்சாணியே அந்தக் கடமைதான். இதன் இருண்ட பக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. கூலி தர மறுத்த ஊரில் களவு கூடியது. மாட்டை ஓட்டிப் போனவனே இடையாள் வைத்துத் துப்புக்கூலி வாங்கிக்கொண்டு மாட்டைத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் இவற்றைப் பெரிதாக்கி எழுதினார்கள். ஆனால் முழுவதும் அவர்களின் கற்பனை அன்று. எப்படியானாலும், ஆயுதம் வைத்திருந்தவன் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த அமைப்பு போர்க்காலத்தில் எப்படிப் படையாக மாறியது என்பதற்கு ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கத்திலுள்ள பாஞ்சாலங்குறிச்சியே சாட்சி. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய கோட்டை இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரியில் அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி ஊர் திரும்பியதும், திரண்டு வந்த மக்கள் சில நாட்களுக்குள் அந்த மண்கோட்டையை மறுபடி எழுப்பிவிட்டார்கள். தரைமட்டமாகக் கிடக்கிறது என்று நம்பி வந்த கம்பெனிப் படை, எழுந்து நின்ற மதிலைக் கண்டு திரும்பிப் போனது. சம்பளப் பட்டாளம் எதுவும் அந்த வேகத்தில் மண் சுமந்திருக்காது. மார்ச் 31 அன்று நடந்த தாக்குதலை நீண்ட ஈட்டிகளோடு மதிலில் நின்றவர்கள் முறியடித்தார்கள். கோட்டை விழ மே 24 ஆயிற்று. இடையில் பாஞ்சாலங்குறிச்சியார் தூத்துக்குடியையும் பிடித்திருந்தார்கள். 1802 பிப்ரவரியில் கிளர்ச்சிக்காரர் 73 பேரைப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தியபோது கப்பல் புறப்பட்டதும் இதே துறைமுகத்திலிருந்துதான்.

1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் விடுத்த பிரகடனம் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னது, கோட்டைகள் இடிபட்டன. பிறகு 1816இன் ஒழுங்குமுறைச் சட்டம் கிராமத் தலைவர்களுக்குப் போலீஸ் வேலையைக் கொடுத்தது, 1859இன் சட்டம் மாகாணம் முழுவதற்கும் சீருடைப் போலீசைக் கொண்டுவந்தது. காவல் கூலி மட்டும் சட்டத்துக்கு வெளியே பல ஊர்களில் நெடுநாள் தொடர்ந்தது. கூலியைச் சட்டம் ஏற்கவில்லை என்றதும் இழப்பீட்டுக் கடமையும் ஆட்டம் கண்டது. காவல்காரனுக்கும் கள்வனுக்கும் இடையில் இருந்த கோடு அழிந்தது. 1911க்குப் பின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் பாய்ந்தபோது, தலைமுறைகளாகக் காவல் பார்த்த சாதிகளைச் சேர்ந்தவர்கள் ரேகை வைத்துவிட்டு ஊரில் அடங்கிக் கிடக்க நேர்ந்தது. அந்தச் சட்டம் இங்கே நீங்கியது 1947இல்.

கடற்கரையில் கதை வேறு. முத்துச் சிப்பி விளையும் முத்துப்பார் நடுக்கடலில் கிடப்பது. அதற்கு வேலி போட முடியாது. 1530களில் பரதவர் போர்த்துக்கீசியரின் துணையை நாடி மதம் மாறினார்கள். 1538இல் வேதாளையில் போர்த்துக்கீசியக் கப்பற்படை மரைக்காயர்களின் படையைத் தோற்கடித்தது. 1544இல் வடுகர் படை தெற்குக் கரையைச் சூறையாடியபோது குடிகள் கடலோரப் பாறைகளுக்குத் தப்பி ஓடினார்கள். பிரான்சிஸ் சவேரியார் உணவு ஏற்றிய படகுகளோடு உதவிக்குப் புறப்பட்டார். இரவல் கப்பற்படை கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்பதில்லை என்பதை அந்த ஆண்டு காட்டியது. பின்னர் 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தபோதும் காவலுக்கு ஆள் மாறியதே தவிர முறை மாறவில்லை. ஆனால் ஊருக்குள் பட்டங்கட்டிகள் என்ற ஊர்த் தலைவர்களும் அவர்களுக்கு மேல் சாதித் தலைவரும் குடிகளை ஒழுங்கு செய்தார்கள். முத்துக்குளிப்புக் காலத்தில் சுறாவைக் கட்டுகிறவர் என்று நம்பப்பட்ட கடல்கட்டி வந்து உட்கார்ந்தால்தான் குளியாட்கள் தண்ணீரில் இறங்குவார்கள். அவருக்குக் கூலி சிப்பி. மந்திரத்தை நம்பாத கம்பெனி அரசாங்கமும், குளியாட்கள் இறங்க வேண்டுமே என்பதற்காக அந்தப் பங்கை விட்டுக்கொடுத்தது. ஆயுதமே இல்லாத இந்தக் காவலும் கூலிக்கு நடந்த காவல்தான்.

சுதந்திர இந்தியா குடிமக்கள் காவலைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 1948இன் சட்டப்படி அமைந்த பிரதேச ராணுவத்தை 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி தொடங்கிவைத்தார். ஊர்க்காவல் படை 1946இல் பம்பாயில் கலவரக் காலத்தில் பிறந்து, 1962 சீனப் போருக்குப் பின் நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் அதற்கான சட்டம் 1963இல் வந்தது. இவற்றில் சேருகிறவருக்குப் பயிற்சி உண்டு, சீருடை உண்டு, பணி நாளுக்குப் படி உண்டு. தவறு செய்தால் எந்த அதிகாரி விசாரிப்பார் என்பதும் தெரியும்.

சட்டத்தில் சரியாகப் பொருந்தாமல் தொங்கிய ஏற்பாடுகள்தான் சிக்கலைக் கொண்டுவந்தன. ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கியது. மக்களையும் போலீசையும் நெருங்கவைப்பதே அதன் நோக்கம். அந்த அளவில் நல்ல யோசனைதான். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்துக்குப் பிறகும் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் கைது செய்யப்பட்டு, காவலில் தாக்கப்பட்டு, சில நாட்களில் இறந்தார்கள். அந்தக் காவல் நிலையத்தில் இந்த அமைப்பின் தன்னார்வலர்களுக்கும் பங்கு இருந்தது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் தமிழக அரசு அமைப்பைத் தடை செய்தது. போலீஸ்காரர் மேல் துறை நடவடிக்கை எடுக்கலாம். பக்கத்தில் நின்ற தன்னார்வலரை எந்த விதியின் கீழ் நிறுத்திக் கேட்பது என்பதற்கு அன்று தெளிவான விடை இல்லை.

இதன் பெரிய வடிவம் சத்தீஸ்கரில் 2005இல் தொடங்கிய சல்வா ஜுடும். மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியத்துக்குப் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புப் போலீஸ் அலுவலர்களாக்கித் துப்பாக்கி கொடுத்து மாவோயிஸ்டுகளுக்கு எதிராக நிறுத்தியதை 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அவர்களின் உயிரை இவ்வளவு மலிவாகப் பணயம் வைக்க அரசுக்கு உரிமையில்லை என்பது தீர்ப்பின் சாரம். மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், 1980களில் எல்லைக் கிராமங்களில் இலங்கை அரசு ஆயுதம் கொடுத்து நிறுத்திய ஊர்க்காவலர்கள் 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்துக்குள் வந்தார்கள். போர் முடிந்த பிறகும் அத்தனை பேருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டிய நிலை அரசுக்கு. ஆயுதம் கொடுப்பது ஒரு நாள் வேலை, திரும்ப வாங்குவது அப்படியல்ல.

2008 நவம்பர் 26 அன்று மும்பையைத் தாக்கியவர்கள் குஜராத் மீன்பிடிப் படகு ஒன்றைக் கைப்பற்றி அதில் வந்தார்கள். அதன் பிறகு மீனவர் பக்கம் அரசின் பார்வை அழுத்தமாகத் திரும்பியது. தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994 முதலே இருந்தாலும், அடையாள அட்டை, படகு எண், 1093 என்ற உதவி எண், ‘சாகர் கவச்’ ஒத்திகை எல்லாம் பழக்கமானது அதற்குப் பிறகே. ஒத்திகையில் தீவிரவாதி வேடமிட்ட போலீசார் படகேறி வருவார்கள். அவர்களைக் கரைக்கு முன்பே பிடிக்க வேண்டும். தூத்துக்குடி திரேஸ்புரத்து நாட்டுப்படகுக்காரர் கையில் துப்பாக்கி இல்லை. பழக்கமில்லாத படகின் போக்கைத் தூரத்திலேயே கண்டுகொள்ளும் கண்தான் அவருடைய ஆயுதம். சந்தேகப் படகைப் பற்றிச் சொல்ல அவரை நம்பும் அதே அமைப்பு, கடல் அட்டையும் பீடி இலையும் கடத்துகிறாரோ என்று அவர் படகையும் சோதிக்கிறது. இரண்டும் தேவைதான். சந்தேகப் படகின் பின்னால் போய் ஒரு நாள் பாட்டை இழக்கும்போது அவருக்குக் காவல் கூலி என்று ஒன்று கிடையாது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

இந்தக் கரையின் உயிருள்ள குடிமக்கள் காவல் ஒத்திகையில் இல்லை, ‘சிறைபிடிப்பு’ என்று நாளேடுகள் எழுதும் நிகழ்ச்சியில் இருக்கிறது. 1983இன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டப்படி, கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. மீறி உள்ளே வந்து நாட்டுப்படகுகளின் வலையை அறுத்துப் போகும் விசைப்படகை நாட்டுப்படகு மீனவர்கள் சுற்றி வளைத்து, கரைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். உள்ளே இருப்பவர்களும் மீனவர்களே. சில நேரம் உறவுக்காரர்கள். மீன்வளத் துறையும் போலீசும் வர வேண்டும், பேச்சுவார்த்தை நடக்க வேண்டும், அறுந்த வலைக்கு நஷ்டஈடு முடிவாக வேண்டும். அது வரை படகு நகராது. சட்டப்படி படகைச் சோதிக்கவும் பிடிக்கவும் அதிகாரம் பெற்றவர் அரசு நியமித்த அலுவலர் மட்டுமே. நடுக்கடலில் அந்த அலுவலர் இல்லாத நேரமே அதிகம் என்பதால் ஊர்க்கமிட்டி அவர் வேலையைச் செய்துவிட்டு, படகை அவரிடமே ஒப்படைக்கிறது. அந்த ஒப்படைப்பு முறையாக நடக்கும் ஊர்களில் சண்டை கரையோடு நின்றுவிடுகிறது. தாமதமாகும் ஊர்களில் மறுநாள் கடலில் கல்லெறியாக வளர்கிறது.