பாறையின் சாட்சியும் மனிதர்களின் சாட்சியும்

(சுந்தரபாண்டியபுரத்தில் மாணவர் படிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூடங்குளத்தைப் பற்றி எங்கே பேசினாலும் ஒரு கேள்வி வருது: கழிவை என்ன பண்ணப் போறாங்க? புளுட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,000 வருசம் ஆகும். அடங்கி ஒடுங்க லட்சக்கணக்கான வருசம். அவ்வளவு காலம் எந்தச் சோதனைச்சாலையில் உட்கார்ந்து பார்க்க முடியும்? 'ஆழத்தில் புதைத்தால் பத்திரம்' என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்?

அதற்கு விஞ்ஞானிகள் கூப்பிடும் சாட்சிக்கு 'இயற்கை ஒப்புமை' என்று பெயர். மனிதன் செய்யப்போவதை இயற்கை முன்பே செய்து பார்த்திருந்தால், அதை ஆராய்வது. இதை நாம் தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும். இல்லையென்றால் 'படிக்காதவன் பயப்படுறான்' என்று ஒதுக்கிவிடுவார்கள். படிப்பு என்ன அவர்கள் வீட்டுச் சொத்தா?

நம்ம ஆதிச்சநல்லூரையே எடுத்துக்கோங்க. ஒரே மண். அந்தப் புதைகாட்டில் தங்கப் பட்டம் தங்கமாகவே கிடைத்தது. இரும்பு வாள் துருவேறிக் கிடைத்தது. எந்தப் பொருள் மண்ணுக்குள் எத்தனை காலம் தாங்கும் என்பதற்கு இது ஒரு சாட்சி. இதே முறையில்தான் அவர்கள் கோடிக்கணக்கான வருசம் பின்னால் போகிறார்கள்.

ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டில் ஓக்லோ என்று ஒரு யுரேனியச் சுரங்கம். அந்தத் தாது பிரான்சுக்குப் போனது. 1972இல் அங்கே கணக்குப் பார்த்தபோது, யுரேனியம்-235 நூற்றுக்கு 0.720 இருக்க வேண்டிய இடத்தில் 0.717தான் இருந்தது. எங்கே போச்சு? ஏறத்தாழ 200 கோடி வருசத்துக்கு முன்னால், நிலத்தடி நீரின் உதவியோடு அந்தப் பாறையே அணு உலையாக எரிந்திருக்கிறது. அந்த உலையின் கழிவு அங்கேயே கிடந்தது. புளுட்டோனியம் பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. இது உண்மை, நாம் மறுக்கத் தேவையில்லை. ஆனால் முழுசாகச் சொல்லணும். சீசியம் தங்கவில்லை; செனான், கிரிப்டான் வாயுக்களும் பெரும்பகுதி வெளியேறிவிட்டன.

அடுத்து, கனடாவின் சிகார் ஏரி. 430 மீட்டர் ஆழத்தில், 130 கோடி வருசமாக, களிமண் போர்த்திய யுரேனியம். மேலே நின்றால் ஒரு அறிகுறியும் கிடையாது. புதைகுழிக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா என்கிறார்கள். அதே சிகார் ஏரியில் சுரங்கம் தோண்டினார்கள். 2006 அக்டோபரில் பாறை சரிந்து தண்ணீர் புகுந்து சுரங்கமே மூழ்கியது. கோடி வருசம் காத்த பாறை, மனிதன் ஓட்டை போட்டதும் காக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்கணும். தங்கிய தாதுதான் இன்றைக்கு நம் கண்ணுக்குத் தெரிகிறது. கரைந்து போனது சாட்சி சொல்ல வராது. பிழைத்தவனை மட்டும் கூப்பிட்டு 'பஞ்சத்தில் யாரும் சாகவில்லை' என்று எழுதலாமா? ஒப்புமை காட்டுவது 'இப்படியும் நடக்கும்' என்பதைத்தான். 'இங்கேயும் இப்படியே நடக்கும்' என்பதை அது நிரூபிக்காது.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். கோலார் தங்கவயல். 1980களில் அங்கே கைவிடப்பட்ட சுரங்கப் பகுதியில், சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையம் ஒரு சோதனை நடத்தியது. கழிவு எதையும் வைக்கவில்லை. கழிவின் சூட்டைப் பாறை எப்படித் தாங்கும் என்று மின்சூடேற்றிகளை வைத்துப் பார்த்தார்கள். 2012இல் கூடங்குளம் வழக்கு உச்சநீதிமன்றத்தில் நடந்தபோது, கழிவு கோலாருக்குப் போகும் என்று செய்தி கிளம்பியது. அந்த மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்படித் திட்டம் இல்லை என்று பிறகு மறுத்தார்கள்.

அந்த மக்கள் யார்? வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம்ம ஆட்கள். அயோத்திதாசரின் சாக்கைய பௌத்த சங்கம் வேர்விட்ட மண் அது. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குக் குடைந்தவர்கள், பாறைவெடிப்பில் செத்தவர்கள் தலித்துகள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். உள்ளே தண்ணீர் ஏறியது. வெளியே மூன்று கோடி டன்னுக்கு மேல் சயனைடு மண்மேடு. காற்றடித்தால் அந்தத் தூசி குடியிருப்புக்குள்தான் வருது.

தோழர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். ஓக்லோ பாறைக்கான ஒப்புமை. நிர்வாகத்துக்கான ஒப்புமை கோலார். தங்கம் வந்த வரைக்கும் இருந்தார்கள். தீர்ந்ததும் கழிவை விட்டுவிட்டுப் போனார்கள். நூற்றிருபது வருசக் கழிவுக்கே பொறுப்பேற்காத அமைப்பு, லட்சம் வருசத்துக்கு வாக்குக் கொடுக்குது. பாறையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இந்த மனிதர்களையும் ஏற்றட்டும். ஊரின் கழிவு எந்தத் திசைக்குப் போகும் என்பது சேரிக்குத் தெரியாதா?

பின்லாந்தில் புதைகுழி அமையும் ஊரின் உள்ளாட்சி மன்றம் 'வேண்டாம்' என்றால் அதை மீற முடியாது; சட்டமே அப்படி. யூரயோக்கி மன்றம் 2000இல் வாக்கெடுத்துச் சம்மதித்த பிறகே வேலை நடந்தது. இங்கே? 2013 மே 6 தீர்ப்பில் நிரந்தரக் கிடங்கின் தேவையை உச்சநீதிமன்றமே பேசியது. ஆழ்நிலைக் கிடங்கு இன்னும் கட்டப்படவில்லை. கூடங்குளம் வளாகத்திலேயே எரிந்த எரிபொருளைத் தற்காலிகமாக வைக்கும் கிடங்குக்கு 2019 சூலையில் ராதாபுரத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் தள்ளிவைத்தார்கள். கருத்துக் கேட்பார்களாம், 'வேண்டாம்' என்று தடுக்கும் அதிகாரம் மட்டும் நமக்குக் கிடையாதாம்.

அடுத்த முறை கூட்டம் போட்டால் ஓக்லோவைப் படித்துவிட்டுப் போங்கள். சிகார் ஏரியைப் படித்துவிட்டுப் போங்கள். போய் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பாறை? அதன் மேல் குடியிருப்பது யார்? அவர்கள் 'வேண்டாம்' என்றால் நிறுத்துவீர்களா? மூன்றாவதற்குப் பதில் வராத வரை முதல் கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலை நாம் ஏற்க வேண்டியதில்லை.