மூன்றாவது டின்
(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய சிறப்புரை)

 

'சிறுதொழிலும் குடும்பப் பாதுகாப்பும்' என்ற தலைப்பில் பேசும்படி தலைமை ஆசிரியர் பணித்திருக்கிறார். நான் பெரிய தொழிலதிபர் அல்லன். மசாலாத் தூள் அரைக்கும் மில் ஒன்று வைத்திருக்கிறேன். கலியாண வீடுகளுக்குச் சமைத்தும் கொடுக்கிறேன். இந்தப் பள்ளியில் 1977இல் ஆறாம் வகுப்பை முடித்தவன். அன்று பள்ளி தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. பால்மரக் காட்டைத் தாண்டித்தான் நடந்து வருவோம்.

நான் இடைநிலைப் பள்ளிக்குப் போன மறு ஆண்டே தோட்டம் கைமாறியது. அப்பாவுக்கு வேலை போயிற்று. லயத்து வீடும் போயிற்று. பட்டணத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தோம். அப்பா கிடைத்த கூலி வேலைக்குப் போனார். என் தாயார் மார்க்கெட்டில் ஓர் ஓரமாக அம்மியைப் போட்டு உட்கார்ந்தார்.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தத் தொழில் தெரியாது. அரைத்த மசாலா விற்பது. மஞ்சள், மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக விழுதாக அரைத்து உருண்டை உருண்டையாக வைத்திருப்பார். கையில் மீனோடு வந்து நிற்பார்கள். "மீன் கறியா, கோழிக் கறியா? எத்தனை பேருக்கு?" இந்த இரண்டே கேள்விதான். ஒவ்வோர் உருண்டையிலும் கொஞ்சம் கிள்ளி, வாழையிலையில் மடித்துக் கொடுப்பார். ஒரு கறிக்கு 20 காசு, 30 காசு. மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் வாங்குவார்கள். சீனத்துப் பாட்டி ஒருத்தி மலாயில் "ஆச்சி, நேற்று காரம் அதிகம்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் வந்து நிற்பார். என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்குக் காரம் ஆகாது என்பது மட்டும் தெரியும்.

வீட்டில் மூன்று மைலோ டின் இருந்தது. சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாக, அன்று விற்ற சரக்கை மறுபடி வாங்கத் தேவையான காசு முதல் டின்னுக்குப் போகும். அடுத்தது வீட்டுச் செலவு டின். கடைசியில் ஒரு வெள்ளியோ அரை வெள்ளியோ மூன்றாவது டின்னுக்கு. ஒன்றுமே மிஞ்சாத நாளில் 10 காசாவது போடுவார். கணக்கு எழுதுவது என் வேலை. மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்த 555 புத்தகத்தில்தான்.

ஒரு முறை என் சப்பாத்து கிழிந்துவிட்டது. வீட்டு டின்னில் காசில்லை. முதல் டின்னில் 16 வெள்ளி இருப்பது எனக்குத் தெரியும், எழுதியவனே நான்தானே! கேட்டேன். "அது மொளகாயோட காசுப்பா, நம்ம காசு இல்ல" என்றார். இரண்டு வாரம் கிழிந்த சப்பாத்தோடுதான் போனேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கோபம் எனக்குப் பல வருஷம் போகவில்லை.

கோபம் போகாததால்தானோ என்னவோ, நான் தொழில் தொடங்கியபோது டின் எல்லாம் வைக்கவில்லை. 1997இல் ரிங்கிட் இறங்கத் தொடங்கியது. மறு ஆண்டு செப்டம்பரில் டாலருக்கு 3.80 என்று அரசாங்கம் கட்டி நிறுத்தியது. மிளகாயும் மல்லியும் வெளிநாட்டுச் சரக்கு அல்லவா, விலை ஏறி என்னை ஆட்டிவிட்டது. அப்போதும் சமாளித்துவிட்டேன். சமாளித்ததே கெடுதலாயிற்று, எதையும் சமாளிக்கலாம் என்ற நினைப்பு வந்துவிட்டது. பிறகு கலியாணச் சமையல், தவணையில் ஒரு லோரி, இரண்டாவது கடைவீடு. மகளின் பல்கலைக்கழகச் செலவு கடைக் கல்லாவிலிருந்து போகும். மிளகாய்க்காரருக்குக் கொடுக்க மனைவியின் சங்கிலி அடகுக்குப் போகும். கையில் காசு புரண்டது. எது யாருடைய காசு என்று கேட்டால் எனக்கே தெரியாது.

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மில்லை நடத்தலாம், சாப்பாட்டுப் பொருள். கலியாணம் கூடாது. ஏழு கலியாணத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தேன். ஏழு வீட்டாரும் திருப்பிக் கேட்டார்கள். அவர்களுக்கும் வேலையில்லை, கேட்கத்தானே செய்வார்கள்? அந்தப் பணம் என்னிடம் இல்லை. லோரித் தவணையிலும் கடை வாடகையிலும் எப்போதோ கரைந்துபோயிற்று. வங்கிகள் ஏப்ரலிலிருந்து ஆறு மாதம் தவணையை ஒத்திவைத்தன. முன்பணம் கொடுத்தவனை எப்படி ஒத்திவைப்பது? கைத்தொலைபேசி அடித்தால் நெஞ்சு அடிக்கும். வெளியே நின்ற ஒருவரிடம், நான் வீட்டில் இல்லை என்று என் மகனை விட்டுச் சொல்லச் சொன்னேன். மாணவர்கள் முன்னால் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

உள்ளறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் தாயார் ஒன்றும் பேசவில்லை. அப்போது அவருக்கு 78 வயது. இராத்திரி தேசிய சேமிப்பு வங்கியின் சேமிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பதினாலாயிரத்துச் சொச்சம் வெள்ளி. "இது மூணாவது டின்னு. மொதல்ல ஊரார் காசத் திருப்பிக் குடு. புள்ளய பொய் சொல்ல வெக்காத."

ஐந்து வீட்டாருக்கு அதில் கொடுத்து முடித்தேன். மற்ற இருவருக்கும் லோரியை விற்றுக் கொடுத்தேன். அந்த ஏழு பேரில் நான்கு பேர் பிறகு என்னிடமே சமையல் கொடுத்தார்கள்.

பெற்றோர்களே, வேலையை விட்டுவிட்டு எல்லாரும் வியாபாரத்துக்கு வாருங்கள் என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மாதச் சம்பளத்தில் சேமநிதியும் சொக்சோவும் தானாகக் கழிகின்றன. சொந்தத் தொழிலில் உங்களுக்காக ஒருவரும் கழிக்கமாட்டார்கள். நீங்களேதான் கழிக்க வேண்டும்.

வீட்டில் முறுக்குச் சுட்டாலும் சரி, பூக்கட்டி விற்றாலும் சரி, தொழிலைப் பதிவு செய்யுங்கள். மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் சொந்தப் பெயரென்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயரென்றால் 60 வெள்ளி. 2020இல் அரசாங்கம் சிறு வணிகர்களுக்கு 3,000 வெள்ளி உதவித்தொகை கொடுத்தபோது பதிவு இருந்ததால் எனக்குக் கிடைத்தது. எங்கள் தெருவில் பத்து வருஷமாக வடை சுட்ட அம்மாவிடம் காட்ட ஒரு தாளும் இல்லை. அவருக்குக் கிடைக்கவில்லை. சேமநிதி வாரியத்தில் 'ஐ-சாரான்' என்றொரு திட்டம் இருக்கிறது. சொந்தத் தொழில் செய்கிறவர் தாமாகக் கட்டினால், அரசாங்கம் தன் பங்காக ஆண்டுக்கு 500 வெள்ளி வரை சேர்க்கிறது. சொக்சோவிலும் சொந்தத் தொழிலாளர்களுக்குத் திட்டம் உண்டு. 2017இல் டாக்சி ஓட்டுநர்களுக்கென்று தொடங்கியது, இன்று பல தொழில்களுக்கு விரிந்திருக்கிறது. கூட்டுப் பிடிப்பதை மட்டும் சேமிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். அதை நடத்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நடத்துகிறவர் காசோடு மறைந்துவிட்டால் போலீசில் புகார் செய்யவே நம்மவர்கள் தயங்குகிறார்கள்.

இப்போது என் மில்லில் மூன்று வங்கிக் கணக்கு இருக்கிறது. டின்னுக்குப் பதிலாக அதுதான். எனக்கென்று மாதச் சம்பளம் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது போதாத மாதத்தில் வீட்டில் கோழி கிடையாது, முட்டைதான். கலியாண முன்பணம் சமையல் முடியும்வரை தனியாகக் கிடக்கும். மூன்றாவது கணக்கில் ஆறு மாத வாடகை சேர்க்க வேண்டும் என்பது ஆசை. இன்றுவரை நான்கு மாதத்துக்குச் சேர்ந்திருக்கிறது. அம்மாவின் பதினாலாயிரத்தையும் மாதாமாதம் திருப்பிக் கட்டுகிறேன். வேண்டாம் என்று ஒருமுறைகூட அவர் சொல்லவில்லை! புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடி தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்.

பரிசு பெறும் மாணவர்களுக்கு என்னால் முடிந்தது, ஆளுக்கொரு 555 புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். ஆசிரியை மேசையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் இன்று கிடைத்த கைச்செலவுக் காசை எழுதிக்கொள்ளுங்கள். பரிசு பெறாத பிள்ளைகளும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கூடுதலாகவே வாங்கி வந்தேன்.